கண் திறக்கும் வரை: தஞ்சாவூர்ப் பலகையில் ஓர் உருவப்படம் எழுதும் முறை

தஞ்சாவூர் ஓவியம் என்றதும் வெண்ணெய்க் குடத்தோடு அமர்ந்த கண்ணனும் பட்டாபிஷேக ராமரும்தான் பலர் கண்முன் வந்து நிற்பார்கள். ஆயினும் அதே பலகையில், அதே மக்கும் (புடைப்பு எழுப்பும் சாக் பொடிக் குழைவு) ரேக்கும் (மெல்லிய தங்கத் தகடு) கொண்டு, மனிதர்களையும் எழுதியிருக்கிறார்கள். 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் தெய்வப் படங்களை ஆதரித்ததோடு தங்கள் உருவங்களையும் எழுதச் செய்தார்கள். இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) தலைப்பாகையும் முத்துமாலையுமாகக் காட்சி தரும் படங்களைப் பார்த்தவர்களுக்கு, அத்தனை ஆடம்பரத்தின் நடுவிலும் ஒரு குறிப்பிட்ட மனிதரின் முகம் தனித்து நிற்க முடியும் என்பது புரிந்திருக்கும். அந்த வழியில் நம் வீட்டு மனிதர் ஒருவரின் உருவத்தைப் பலகையில் எழுதுவது எப்படி என்பதையே இங்கு முதலிலிருந்து சொல்கிறேன். எடுத்துக்காட்டாக, நான் எழுதிய என் அப்பாயியின், அதாவது அப்பாவின் அம்மாவின், படத்தையே கடைசி வரை வைத்துக்கொள்கிறேன்.

இந்த வேலையைக் கற்க வருபவர்களில் பெரும்பாலோர் தங்க ரேக்கு ஒட்டும் நாளுக்காகவே காத்திருக்கிறார்கள். அது உண்மையில் ஒரு வார இறுதியில் முடிந்துவிடும் வேலை. படத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது பலகை. படம் யாருடையது என்பதைத் தீர்மானிப்பது முகம். தங்கம் இவ்விரண்டுக்கும் இடையில் வரும் ஓர் அலங்காரம் என்ற கணக்கை முதலிலேயே மனத்தில் போட்டுக்கொண்டால், எந்த இடத்தில் பொறுமை காட்டுவது, எந்த இடத்தில் கையை அடக்குவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியவை

பென்சிலை எடுப்பதற்கு முன் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்திலும் சரஸ்வதி மகால் நூலக அருங்காட்சியகத்திலும் ஒரு முழு நாளைச் செலவிடுங்கள். அங்குள்ள உருவங்களின் முகங்களை மட்டும் பாருங்கள்: புருவத்துக்கும் மேல் இமைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள், மூக்கின் கோடு புருவத்தில் தொடங்குகிறதா அல்லது சற்றுக் கீழே தொடங்குகிறதா, தாடைக்குக் கீழே நிழல் இருக்கிறதா என்பன போன்ற கேள்விகளோடு பாருங்கள். தெய்வ உருவங்கள் பெரும்பாலும் நேர்முகமாக இருக்கும். மனிதர்களை எழுதும்போது முக்கால் முகமோ பக்கமுகமோ அடிக்கடி வரும். முக்கால் முகத்தில்தான் ஒருவரின் மூக்கும் கன்னமும் அடையாளம் காட்டும் என்பது பழைய ஓவியர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இன்னும் பின்னோக்கிப் போக விரும்புகிறவர்களுக்குப் பெரிய கோயில் இருக்கிறது. கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருந்ததை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். கருவூர்த்தேவரும் இராசராசனும் என்று பலர் கருதும் இரண்டு உருவங்கள் அவற்றில் உண்டு. முன்னால் இருக்கும் முதியவரின் தாடி நரைத்தது, பின்னால் நிற்பவரின் முகம் இளையது. ஆனால் இருவரையும் ஒரே வகையான செங்காவிக் கோடுதான் தாங்குகிறது. அச்சில் வந்த நல்ல நிழற்படம் ஒன்று கிடைத்தாலும் போதும். அந்தக் கோட்டின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பத்து முறை வரைந்து பழகுவது, பத்து நாள் வண்ணம் பூசிப் பழகுவதைவிடப் பயன் தரும்.

படத்தைத் தேர்ந்தெடுத்தல்

நிழற்படத்தைப் பார்த்து எழுதுவதாக இருந்தால், ஒருபக்கம் வெளிச்சமும் மறுபக்கம் இருட்டுமாக இருக்கும் படத்தைத் தவிர்த்துவிடுங்கள். தஞ்சாவூர் முறையில் வெளிச்சம் ஒரு சன்னலிலிருந்து வருவதில்லை. முகம் முழுவதும் சம வெளிச்சத்தில் இருக்க, விளிம்புகள் மட்டும் சற்றே ஆழ்ந்து உருட்சியைக் காட்டும். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் நேருக்கு நேர் உட்காரவைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. எனக்குக் கிடைத்தது கும்பகோணத்தில் எடுத்த அப்பாயியின் படம். காதில் தோடு, மூக்கின் இருபுறமும் மூக்குத்தி, கழுத்தில் ஒற்றைச் சங்கிலி, தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திய சேலை என்று அதில் எல்லாமே தெளிவாக இருந்தன.

பலகையின் அளவு 12-க்கு 15 அங்குலம் இருக்கட்டும். இடுப்புக்கு மேற்பட்ட உருவமாக எழுதினால் முகம் ஏறக்குறைய மூன்றரை அங்குல உயரம் வரும். மண்டபம், தூண், பணிப்பெண்கள் என்று முழுக் காட்சியையும் முதல் முயற்சியிலேயே எழுத ஆசைப்பட்டால் முகம் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த அளவில் சாயலைப் பிடிக்கப் பல வருடப் பழக்கம் வேண்டும்.

பலகை கட்டுதல்

பழைய படங்களுக்குப் பலாப் பலகையும் தேக்குப் பலகையும் பயன்பட்டன. ‘பலகைப் படம்’ என்ற பெயரே அதனால் வந்தது. இன்று நீர் தாங்கும் பிளைவுட் போதுமானது. 9 மில்லிமீட்டருக்குக் குறையாத பருமனில் வாங்கி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். இதன்மேல் ஒட்டுவது வெளுக்காத காடாத் துணி. கடையிலிருந்து வரும் துணியில் கஞ்சி இருக்கும் என்பதால் அதை வெந்நீரில் ஊறவைத்து அலசி, காயவைத்து, சுருக்கம் நீங்க இஸ்திரி போட்ட பிறகுதான் பலகைக்குக் கொண்டுவர வேண்டும்.

பசைக்குப் புளியங்கொட்டை. கொட்டையை இலேசாக வறுத்து, மேல்தோலை உடைத்து நீக்கி, ஓர் இரவு ஊறவைத்து, மை போல அரைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அடுப்பில் கிளறினால் கண்ணாடி போன்ற கூழ் இறங்கும். பூச்சி வராமல் இருக்க அதில் சிட்டிகை மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு என்பதால் பாத்திரத்தையும் கரண்டியையும் சமையலறைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். இவ்வளவு பாடு வேண்டாம் என்பவர்கள் ஃபெவிகாலில் சற்றுத் தண்ணீர் கலந்து பயன்படுத்தலாம். இன்று பெரும்பாலான பட்டறைகளில் நடப்பது அதுதான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரே பலகையில் ஒரு அடுக்குக்குப் புளியங்கொட்டைப் பசையும் அடுத்த அடுக்குக்கு ஃபெவிகாலும் என்று மாற்றாதீர்கள். ஈரத்தில் ஒன்று உப்பும், மற்றது உப்பாது.

பலகை முழுவதும் பசையைத் தடவி, துணியை நடுவிலிருந்து வெளிப்புறமாக உள்ளங்கையால் அழுத்தி ஒட்டுங்கள். துணி ஓரங்களைத் தாண்டி இரண்டு அங்குலம் மடங்க வேண்டும். பலரும் விட்டுவிடும் ஒரு வேலை இங்கே உண்டு: பின்புறத்திலும் ஒரு துணியை ஒட்டிவிடுங்கள். முன்புறம் மட்டும் துணியும் பூச்சும் ஏறினால், அவை காய்ந்து சுருங்கும்போது பலகையை ஒருபக்கமாக இழுத்து வில்லாக வளைத்துவிடும்.

அடுத்து வெள்ளைப் பூச்சு. சாக் பொடியைச் சல்லடைத் துணியில் சலித்து, பசையும் தண்ணீரும் சேர்த்து நீர்த்த தோசை மாவுப் பதத்தில் கரைத்து, அகலமான தூரிகையால் ஒரு பூச்சைக் கிடைவாக்கிலும் அது காய்ந்த பின் அடுத்ததைச் செங்குத்தாகவும் கொடுங்கள். மூன்று அல்லது நான்கு மெல்லிய பூச்சுகள் வேண்டும். துணியின் நெசவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் 120 எண் உப்புத்தாளாலும் பின்னர் 220 எண் உப்புத்தாளாலும் தேய்த்து, கடைசியில் வழவழப்பான கூழாங்கல்லால் வட்டமாக இழைத்துவிட்டால் பலகை தந்தம் போல ஆகிவிடும்.

காய்வது என்பதைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் டெல்டாவில் பலகைகள் கெடுவதற்குப் பெருங்காரணம் அதுவே. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நம் வீடுகளின் சுவரே வியர்க்கும்போது பலகை மட்டும் எப்படிக் காயும்? என் பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் தை மாதம் நடப்பதாக இருந்தது. அதற்குப் பரிசாக ஒரு படத்தை ஐப்பசியில் தொடங்கினேன். ஒவ்வொரு பூச்சையும் மின்விசிறிக்கு அடியில் வைத்து, தொட்டால் ஒட்டவில்லை என்றவுடன் அடுத்த பூச்சைக் கொடுத்துக்கொண்டே போனேன். தங்கமும் ஒட்டினேன், முகமும் முடித்தேன், கல்யாணத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். பங்குனி வெயில் வந்ததும் உள்ளே அடைபட்டிருந்த ஈரம் வெளியே வழி தேடியது: நெற்றியிலிருந்து கன்னம் வரை மயிரிழை போல ஒரு வெடிப்பு விழுந்து, சங்கிலியின் கீழே மக்கு பொருபொருத்து எழுந்தது. அந்தப் படத்தைச் சரிசெய்ய முடியவில்லை.

பின்னாளில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. காய்ந்துவிட்டதாக நான் நினைத்த வேறொரு வெற்றுப் பலகையை எடுத்து என் கையில் கொடுத்து, “கையால தொட்டுப் பாக்காத தம்பி, கன்னத்துல வச்சுப் பாரு” என்றார். வைத்தேன், சில்லென்று இருந்தது. “சில்லுங்குதுல்ல? உள்ள தண்ணி இருக்கு. இன்னும் நாலு நாள் போகட்டும்” என்றார். ஈரம் உள்ள பலகை அறையின் வெப்பத்தைவிடக் குளிர்ந்தே இருக்கும். விரல் நுனிக்கு அந்த வேறுபாடு எளிதில் தெரியாது, கன்னத்துக்குத் தெரியும். ஒவ்வொரு அடுக்குக்கும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். மாசியிலிருந்து ஆனி வரை உள்ள மாதங்களில் பலகை கட்டி வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் வண்ண வேலையை மட்டும் வைத்துக்கொள்வது நம் ஊருக்கு உகந்த ஏற்பாடு. நேரடி வெயிலில் வைக்கக் கூடாது. நிழலில், காற்றோடும் இடத்தில், சாய்த்து நிறுத்திக் காயவையுங்கள்.

கோடு

வண்ணம் தீட்டாத கோட்டுச் சித்திரத்துக்குப் பழந்தமிழில் ‘புனையா ஓவியம்’ என்று பெயர். உருவப்படத்தில் சாயல் பிடிபட வேண்டிய இடம் இதுதான். கோட்டில் வராத சாயல் வண்ணத்தில் வராது.

சிற்ப மரபு முகத்தின் நீளத்தை ஒரு தாளம் என்றும், அதைப் பன்னிரண்டு விரல் என்றும் கொள்கிறது. மயிர்க்காலிலிருந்து புருவம் வரை நான்கு விரல், புருவத்திலிருந்து மூக்கு நுனி வரை நான்கு, அங்கிருந்து மோவாய் வரை நான்கு. தாளில் ஒரு முட்டை வடிவம் போட்டு இந்த மூன்று பங்கையும் மெல்லக் கோடிட்டுக்கொள்ளுங்கள். இது தெய்வ முகத்தின் இலக்கணம். மனித முகம் இதிலிருந்து எங்கே விலகுகிறதோ அங்கேதான் அந்த மனிதர் இருக்கிறார். அப்பாயியின் படத்தில் அளந்து பார்த்தபோது முதல் இரண்டு பங்குகளும் ஏறக்குறைய இலக்கணப்படியே இருந்தன. மூன்றாவது மட்டும் மூன்று விரல்தான் வந்தது. பற்கள் போன பிறகு தாடை மேலேறி, உதடு உள்வாங்கிய முகம் அது. அந்த ஒரு விரல் குறைவை நான் ‘திருத்தி’ இருந்தால் படத்தில் ஓர் அம்மன் வந்திருப்பாள், அப்பாயி வந்திருக்க மாட்டாள்.

அதற்காக நிழற்படத்தை அப்படியே நகலெடுப்பதும் சரியல்ல. சுருக்கம், மச்சம், ரோமக்கால் என்று எல்லாவற்றையும் எழுதினால், தங்கச் சட்டகத்துக்குள் போட்டோவை வெட்டி ஒட்டியது போலத் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். என் அனுபவத்தில் மூன்றை விட்டுக்கொடுக்கக் கூடாது: புருவத்துக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி, மூக்கு நுனியின் வடிவம், வாயின் இரு ஓரங்கள் போகும் திசை. மற்றவற்றை மரபுக்குக் கொடுத்துவிடலாம். கண்களை நிழற்படத்தில் இருப்பதைவிடச் சற்று நீளமாக்கலாம். கழுத்தையும் தோளையும் உருட்சியாக்கலாம். சுருக்கங்களில் இரண்டை மட்டும், பெரும்பாலும் மூக்கிலிருந்து வாய்க்கு இறங்குவதை, வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடலாம்.

தாளில் கோடு திருப்தியாக அமைந்த பின் அதைப் பலகைக்கு மாற்றுங்கள். கோட்டின் மேல் நெருக்கமாக ஊசியால் துளையிட்டு, தாளைப் பலகைமேல் வைத்து, கரித்தூள் கட்டிய சிறு துணிப் பொட்டலத்தால் தட்டினால் புள்ளிகளாக உருவம் இறங்கிவிடும். அந்தப் புள்ளிகளை நீர்த்த செங்காவியால் இணைத்துவிடுங்கள். கார்பன் தாள் வேண்டாம். அதன் மை, மேலே பூசும் வண்ணத்தை ஊடுருவிப் பல மாதம் கழித்தும் எட்டிப் பார்க்கும்.

கல், மக்கு, ரேக்கு

இந்த மூன்றும் இதே வரிசையில் வர வேண்டும். எங்கே தங்கம் வரும் என்பதை அதற்கு முன் முடிவு செய்துகொள்ளுங்கள். தெய்வத்துக்குத் திருவாசியும் கிரீடமும் உண்டு, அரசனுக்குச் சிம்மாசனமும் உண்டு. அப்பாயிக்கு இவை எதுவும் கிடையாது. அவர் உடம்பில் பொன் எங்கே இருந்ததோ அங்கே மட்டும், அதாவது தோடு, மூக்குத்தி, சங்கிலி ஆகியவற்றில் மட்டும், தங்கம் வைத்தேன். அத்துடன் சேலைக் கரையில் ஒரு மெல்லிய பட்டையும், மேலே ஓர் எளிய வளைவும், அதிலிருந்து இருபுறமும் ஒதுக்கிக் கட்டிய திரைச்சீலையும் சேர்த்தேன். திரை தஞ்சாவூர்ப் படங்களில் அடிக்கடி வருவது என்பதால் மரபும் கெடாது, மூலைகளும் வெறிச்சோடாது. முகத்தைச் சுற்றித் தங்கம் கூடக்கூட முகம் கறுத்துக்கொண்டே போகும்.

கற்களை முதலில் ஒட்டுங்கள். தோட்டுக்குச் சிவப்பும் வெள்ளையுமாக ஜெய்ப்பூர்க் கற்கள் நான்கைந்து போதும். பிறகு மக்கு. இரண்டு பங்கு சாக் பொடி, ஒரு பங்கு சுக்கான் (சுண்ணாம்புக்கல்) பொடி, இவற்றைப் பிணைக்கும் அளவு வேலம்பிசின் அல்லது ஃபெவிகால் சேர்த்துச் சப்பாத்தி மாவைவிடத் தளர்வாகவும் இட்லி மாவைவிடக் கெட்டியாகவும் குழைத்துக்கொள்கிறேன். சங்கிலி, கரை போன்ற மெல்லிய இடங்களுக்கு இதை மேலும் நீர்த்து, மருதாணிக் கூம்பு போன்ற ஒன்றில் அடைத்துப் பிழியலாம், அல்லது தூரிகை நுனியால் துளித் துளியாக வைக்கலாம். வளைவின் தூண் போன்ற இடங்களில் உயரத்தை ஒரே தடவையில் ஏற்றாதீர்கள். ஒரு நெல்மணிப் பருமனுக்கு மேல் வேண்டுமானால் இரண்டு தடவையாக, முதலாவது முழுவதும் காய்ந்த பின் ஏற்றுங்கள். கல்லைச் சுற்றி மக்கு சற்றே மேலேறி அணைத்துக்கொள்ள வேண்டும், நகைக் கடையில் கல் பதிப்பதைப் போல. மைசூர் ஓவியத்தில் இந்தப் புடைப்பு மிக மெல்லியதாக இருக்கும். நம்முடையது கையால் தடவினால் தெரியும் அளவுக்கு எழுந்து நிற்கும்.

ரேக்கு 22 காரட் தங்கத்தில் கிடைக்கிறது. மலிவாகக் கிடைக்கும் செப்புக் கலவை ரேக்கும் முதல் நாள் அதே பளபளப்போடுதான் இருக்கும். காற்றில் ஈரமும் உப்பும் உள்ள நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் அது கறுப்பதற்கு வெகுநாள் ஆகாது. பயிற்சிப் பலகைக்கு அதைப் பயன்படுத்துங்கள், வீட்டில் மாட்டப்போகும் படத்துக்கு வேண்டாம். தேவையான வடிவத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, காய்ந்த மக்கின்மேல் மெல்லப் பசை தடவி, ரேக்கை வைத்து, பஞ்சால் அழுத்துங்கள். பசை சற்று இறுகிய பிறகு, கூர் மழுங்கிய மரக்குச்சியால் பள்ளங்களில் அழுத்திவிட்டால் மக்கு வேலையின் நெளிவு சுளிவு எல்லாம் தங்கத்தில் எழுந்துவிடும். கற்களின் மேல் படிந்ததைப் பிளேடு நுனியால் வட்டமாகக் கீறி எடுத்துவிடுங்கள். அன்று மட்டும் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காரணத்தை ஒருமுறை ரேக்கு பறந்த பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

வண்ணம்

பழைய ஓவியர்களின் வண்ணங்கள் செங்காவி, மஞ்சள் காவி, சாதிலிங்கம் என்னும் சிவப்பு, அவுரி நீலம், விளக்குக் கரி போன்றவை; அவற்றைப் பிசினில் குழைத்தார்கள். இப்போது போஸ்டர் கலர் பரவலாகப் புழங்குகிறது. எதுவானாலும் பின்னணியை முதலில் முடியுங்கள், அடுத்து திரை, அடுத்து சேலை. பின்னணிக்கு ஆழ்ந்த சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மாநிறமான முகத்துக்குப் பின்னால் ஆழ்ந்த பச்சை நன்றாக அமையும். சிவப்புப் பின்னணி முகத்தின் செம்மையை உறிஞ்சிவிடும். சேலை மடிப்புகளை அதே வண்ணத்தின் ஆழ்ந்த சாயையில் நீண்ட கோடுகளாக இழுத்தால் போதும்.

முகம்

எல்லாம் முடிந்து, முகமும் கழுத்தும் மட்டும் வெள்ளையாக நிற்கும்போது இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தங்கத்தின் பளபளப்புக்குக் கண் பழகிய பிறகுதான் முகத்துக்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்பது தெரியும்.

அடிவண்ணத்துக்கு வெள்ளையில் மஞ்சள் காவியும், அதைவிடக் குறைவாகச் செங்காவியும் சேருங்கள். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் செங்காவியைக் கூட்டித் துளி நீலம் சேர்க்க வேண்டும். கறுப்பு வண்ணத்தைச் சேர்த்தால் தோல் சாம்பல் பூத்துவிடும். நம் ஊர் மனிதர்களை எழுதும்போது நிறத்தை வெளுக்கும் பழக்கம் ஓவியர்களிடம் நெடுநாளாக உண்டு. அது எனக்கு உடன்பாடில்லை, அப்பாயியை நல்ல கறுப்பாகவே எழுதினேன். தோட்டின் வெள்ளைக் கல் அந்தக் கறுப்பின் அருகில்தான் உயிரோடு தெரிந்தது. அடிவண்ணத்தைச் சமமாக, தூரிகைத் தடம் தெரியாமல், இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுங்கள்.

உருட்சிக்கு, அதே வண்ணத்தில் இன்னும் சிறிது செங்காவியும் நீலமும் சேர்த்து, நிறைய நீர் கலந்து, தூரிகையைத் துணியில் ஒற்றிவிட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த நுனியால் முகத்தின் விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சிறுசிறு தீற்றல்களாகவோ புள்ளிகளாகவோ வையுங்கள். கன்னத்தின் ஓரம், மூக்கின் பக்கவாட்டு, கண்குழி, கீழுதட்டின் அடி, தாடையின் கீழ் ஆகிய இடங்களுக்கு மட்டுமே இது வேண்டும். ஒரு அடுக்கு காய்ந்த பின் அடுத்தது. ஆறு அடுக்கானாலும் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இருக்கட்டும். போஸ்டர் கலரின் மேல் நீர் அதிகமானால் அடியில் உள்ளது கரைந்து கிளம்பும். அப்படிக் கிளம்பினால் தேய்க்காமல், காயவிட்டு மேலே பூசுங்கள்.

பிறகு கோடுகள். முகத்தின் கோடு கறுப்பில் வரக் கூடாது. ஆழ்ந்த செம்பழுப்பில் வர வேண்டும். மூக்கு, உதடுகளுக்கு நடுவிலுள்ள கோடு, காது, தாடை என்று ஒவ்வொன்றையும் முடிந்தவரை ஒரே மூச்சில் இழுங்கள். உதடு சேரும் கோட்டின் இரண்டு முனைகளிலும் ஒரு சிறு அழுத்தம் கொடுத்துவிட்டால் வாய் தானே அமைந்துவிடும்.

ஓவியரைச் சங்கத் தமிழ் ‘கண்ணுள் வினைஞர்’ என்கிறது. பார்ப்பவர் கண்ணுக்குள் தம் வேலையை நிறுத்துபவர் என்பது அதன் பொருள். கண்ணைக் கடைசிக்கு வைத்திருக்கும் வழக்கம் சிற்பிகளிடமும் உண்டு, ஓவியர்களிடமும் உண்டு. கண் திறப்பு என்ற அந்தச் சடங்கை நீங்கள் செய்தாலும் செய்யாவிட்டாலும் வேலை வரிசை அதுவே. காலை வெளிச்சத்தில் செய்யுங்கள். மூன்று சுழி (000) எண்ணுள்ள மெல்லிய தூரிகையும், தேநீர்க் கோப்பையைத் தொடாத கையும் வேண்டும்.

கண்ணின் வெள்ளைக்குச் சுத்த வெள்ளையை வைக்காதீர்கள், பொம்மைக் கண்ணாகிவிடும். துளி மஞ்சள் காவி சேர்த்து, இரு ஓரங்களிலும் மிக இலேசான சிவப்பைக் கசியவிடுங்கள். அடுத்து கருவிழியின் வட்டம், பழுப்பில்; இரு கண்களுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக உடனே வையுங்கள், ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்குப் போனால் பார்வை பிசகும். முக்கால் முகமானால் தொலைவிலுள்ள கண்ணை முதலில் வையுங்கள். அது குறுகலானது என்பதால் அதில் பிழைக்கு இடம் குறைவு. வட்டத்தின் மேல் விளிம்பு இமைக்குள் சற்று மறைய வேண்டும். முழு வட்டமும் தெரிந்தால் திடுக்கிட்டது போலிருக்கும்.

மேலிமைக் கோடுதான் இந்த முழு வேலையிலும் கடினமானது. தூரிகையைப் பலகைக்குச் செங்குத்தாகப் பிடித்து, சுண்டுவிரலைப் பலகையில் ஊன்றி, மூக்கின் பக்கத்திலிருந்து மயிரிழையாகத் தொடங்கி, விழியின் உச்சியில் சற்றே அழுத்தி, வெளி ஓரத்தை நோக்கிப் போகும்போது மெல்லத் தூக்கிக்கொண்டே வந்து விட்டுவிட வேண்டும். மூச்சை விட்ட பிறகு, அடுத்த மூச்சை இழுப்பதற்கு முன் அந்தக் கோடு முடிந்துவிட வேண்டும். அப்பாயியின் இடது இமை சற்று இறங்கியிருக்கும். அந்த இறக்கத்துக்காகத் தனித் தாளில் முப்பது முறையாவது இழுத்திருப்பேன். பலகையில் இழுத்தது ஒரே முறை. கடைசியில் கருவிழியின் நடுவில் கரும்புள்ளியும், அதன் மேல் ஓரத்தில் கடுகில் கால் பங்கு வெள்ளையும். அந்த வெள்ளை இரு கண்ணிலும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.

சாயல் வந்ததா என்று நீங்களே பார்க்காதீர்கள். பல வாரம் பார்த்த கண்ணுக்கு எல்லாமே சரியாகத்தான் தெரியும். படத்தைக் கண்ணாடியில் காட்டியும் தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள், பிறகு அந்த மனிதரை அறிந்த ஒருவரை முன்னறிவிப்பு இல்லாமல் அழைத்துக் காட்டுங்கள். என் அத்தை பார்த்துவிட்டு முதலில் சொன்னது, “அம்மா மூக்குத்தி இந்தப் பக்கந்தான பெருசு?” என்பதுதான். அது போதுமானதாக இருந்தது. மூக்குத்தியை மாற்றவில்லை, நிழற்படத்தைச் சரிபார்த்ததில் அத்தைதான் மறந்திருந்தார்.

சட்டம் போடுதல்

மேலே வார்னிஷ் அடிக்க வேண்டாம். தங்கம் மங்கும், போஸ்டர் கலர் கறுக்கும். தேக்குச் சட்டமும் கண்ணாடியும் போடுங்கள். கண்ணாடி கற்களைத் தொடாதபடி உள்ளே ஒரு மரப்பட்டை கொடுக்கச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சட்டம் போடுபவர்கள் அழுத்தி மூடிவிடுவார்கள். ஓதம் ஏறிய சுவரில் மாட்டாதீர்கள். வேறு சுவர் இல்லையென்றால், சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கையை ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று போக விரற்கடை இடைவெளி விடுங்கள்.

சட்டம் மூடுவதற்கு முன் பலகையின் பின்புறத் துணியில் படத்தில் இருப்பவரின் பெயரையும், ஊரையும், எழுதி முடித்த தேதியையும், எந்தப் பசை, எந்த ரேக்கு, என்ன வண்ணம் என்பதையும் பென்சிலால் எழுதிவையுங்கள். பிற்காலத்தில் ஓரிடத்தில் மக்கு பெயர்ந்தால் அதைச் சரிசெய்ய உட்காரும் ஒருவருக்கு முதலில் தேவைப்படுவது பசையின் பெயர்தான்.